ரோஜாப்பூ போட்ட கம்ப்யூட்டர்

போன மாதம் மகனுக்கு லேப்டாப் வாங்கப் போயிருந்தோம். கடைக்காரத் தம்பி என்னென்னவோ விளக்கினார், எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. கடைசியாக, "இதுல ஃபேனே கிடையாது மேடம், சத்தமே வராது" என்றார். உடனே நான் அந்த மிஷினைத் தூக்கி டெலிபோன் மாதிரி காதில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், ஒன்றுமே கேட்கவில்லை. என் மகன் கூச்சத்தில் நெளிந்துகொண்டு, "கீழ வைங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான். பார்க்கட்டுமே. ஒரு கம்ப்யூட்டரின் வாயை மூட வைக்க நான் பட்ட பாடு அங்கிருந்தவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

அப்போது நாங்கள் விருதுநகரில் இருந்தோம். அத்தா, அம்மா, நான், அவ்வளவுதான் வீடு. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைன் போடும் வேலையில் இருந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள். மயில், கிளி, ராக்கெட் மேல் உட்கார்ந்து கையாட்டும் குழந்தை. நான் வரைந்த குழந்தைகள் எல்லாம் ஏனோ எங்கள் முதலாளியின் சாயலிலேயே வந்தன. காலையில் ஆமத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் போய், மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவேன். அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை தலைமுடியில் ஏறியிருக்கும். "முதல்ல போயித் தலைக்கு ஊத்து" என்பதுதான் அம்மாவின் வரவேற்பு.

தீபாவளி சீசன் நெருங்கினால் அச்சகத்தில் மனிதர்களோடு கம்ப்யூட்டர்களும் மயங்கி விழும். மதுரையிலிருந்து வர வேண்டிய சர்வீஸ்காரர், "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கழற்றிய திருகுகளில் இரண்டு மிச்சமாகிவிட்டன. ஆனாலும் மிஷின் ஓடியது. அன்றிலிருந்து அச்சகத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது, அசட்டுத் தைரியமும் கூடியது.

அத்தாவுக்கு வத்தல் மண்டி. மிளகாய் வற்றலை எங்கள் ஊரில் வத்தல் என்று சொன்னாலே போதும். மண்டி வாசலில் நின்று அத்தா, "ஏலே, வண்டியப் பின்னால எடுலே" என்று ஒரு சத்தம் கொடுத்தால், அடுத்த தெருவில் நிற்கிற லாரியும் பின்னால் போகும் என்று ஊரே கேலி செய்யும். வீட்டிலும் அதே குரல்தான். குழம்புக்கு உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வந்துவிடும். தியேட்டருக்குப் போனால் இன்னும் மோசம். திரையில் கதாநாயகி விக்கி விக்கி அழுவாள். "அந்தப் புள்ளைக்கு யாராச்சும் ஒரு செம்புத் தண்ணி குடுங்கப்பா" என்று எங்கள் வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குரல் கிளம்பும். தியேட்டரே சிரிக்கும். அம்மா மட்டும் முக்காட்டை இழுத்து மூக்குவரை விட்டுக்கொள்வார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். கட்டியோடு குரல் நரம்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். அத்தா தலையை ஆட்டினார். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மாவைப் பார்த்து, "கேஸை மூடுனியா இல்லையா?" என்று கேட்டார். நடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலை நாங்கள் கேட்டது அதுதான் கடைசி.

உயிருக்கு ஆபத்து நீங்கி வீட்டுக்கு வந்தார். ஆனால் பேச்சு வெறும் காற்றாகிவிட்டது. கண்ணாடியில் ஊதித் துடைப்போமே, அந்த மாதிரி ஒரு சத்தம். சீலிங் ஃபேன் சுற்றினால் அதில் கரைந்துவிடும், குக்கர் கூவினால் காணாமல் போய்விடும். மண்டியைப் பெரியத்தா மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். அத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டுவார். "என்னங்க வேணும்?" என்று அம்மா ஓடி வருவார். சொல்வது கேட்காமல் தண்ணீருக்குப் பதில் விசிறியைக் கொண்டுவந்து கொடுப்பார். அத்தா அதையும் வாங்கி விசிறிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்பையா மாமா வருவார். அத்தாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், பிறகு மண்டியில் எடை போட்டவர். இளவயதில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது பக்கத்து அறை வெடித்து, மாமாவுக்கு உயிர் மிஞ்சியது, காது போய்விட்டது. மிகப் பெரிய சத்தம் என்றால் லேசாகக் கேட்கும். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அத்தாவுக்கு எதிரே உட்காருவார். ஒருவருக்குக் குரல் இல்லை, இன்னொருவருக்குக் காது இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பார்ப்பதற்காவது ஏதாவது வேண்டும் என்று நினைத்தேன். வீட்டையே தியேட்டர் ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஹோம் தியேட்டர் என்ற வார்த்தை அப்போது எல்லார் வாயிலும் புரண்டுகொண்டிருந்த காலம், உங்களுக்கும் நினைவிருக்கும். மதுரைக்குப் போய் உதிரிப் பாகங்களாக வாங்கிவந்து கம்ப்யூட்டரை நானே பூட்டினேன். அதைப் பெரிய டிவியோடு இணைத்து, அறையின் நான்கு மூலைக்கும் ஸ்பீக்கர் வைத்து, டிவிடி படத் தட்டு வாடகைக்குத் தரும் கடையில் கணக்கும் ஆரம்பித்தேன். எல்லாம் தயாரானதும் சுவிட்சைப் போட்டேன். மாவு மில் ஓடுவது போல ஒரு சத்தம் கிளம்பியது. உள்ளே பிராசஸருக்கு ஒரு ஃபேன், பவர் சப்ளைக்கு ஒரு ஃபேன், பெட்டிக்குப் பின்னால் ஒரு ஃபேன். எங்கள் ஊர் வெயிலில் மூன்றும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின.

"என்ன புள்ள, இரையுது?" என்று அம்மா கேட்டார்.

"நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா" என்றேன். நான் அப்படித்தான். எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கம்ப்யூட்டரில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று இருந்தது. விசைப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் படம் அப்படியே நிற்கும். "அத்தா, நீங்க பேசணும்னா கையத் தூக்குங்க. நான் நிறுத்துறேன். நீங்க பேசுங்க" என்றேன். அத்தாவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

முதல் படத்தில் பத்து நிமிஷத்துக்குள் கை உயர்ந்தது. தட்டினேன். படம் நின்றது. பெட்டி நிற்கவில்லை, அது பாட்டுக்கு இரைந்துகொண்டே இருந்தது. அத்தாவின் உதடு அசைந்தது.

"என்னத்தா?"

மறுபடி சொன்னார். அம்மா எழுந்து வந்து குனிந்து காதைக் கொடுத்தார். மூன்றாம் முறையும் சொல்லிப் பார்த்துவிட்டு, ஓட்டு என்பது போலக் கையைச் சுழற்றினார். வேடிக்கைப் பேச்சை மூன்று தடவை சொன்னால் அதில் என்ன வேடிக்கை இருக்கும்? அதற்குப் பிறகு கை உயரவில்லை. அடுத்த வாரமும் உயரவில்லை, அதற்கடுத்த வாரமும் உயரவில்லை. குரலோடு பேசுகிற ஆசையும் போய்விட்டது போலிருக்கிறது என்று நாங்களும் பழகிக்கொண்டோம்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரையில் கதாநாயகியின் அப்பா செத்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று சுப்பையா மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. காது கேட்காவிட்டால் என்ன, சாகிற காட்சி என்று கண்ணுக்குத் தெரியாதா?

படம் முடிந்து அவர் செருப்பு மாட்டும்போது நேருக்கு நேர் நின்று சத்தமாகவே கேட்டேன். "மாமா, சாகுற சீனுக்கு எதுக்குச் சிரிச்சீக?"

"நான் படத்துக்கா தாயி சிரிச்சேன்? பாய் சொன்னதுக்குல்ல சிரிச்சேன்."

"அத்தா பேசுனாங்களா?"

"படம் பூராப் பேசிக்கிட்டேதான இருக்காக. 'இந்தாளு செத்து முடிக்கிறதுக்குள்ள நம்மூர்ல கரண்டு போயிரும்'னாக. ஒங்களுக்குக் கேக்கலையா?"

மாமா வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தா பேச்சை நிறுத்தவே இல்லை. வாராவாரம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். காது நன்றாக இருக்கிற நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் படம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மறுநாள் பஸ்ஸில் ஆமத்தூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அந்தப் பெட்டியின் வாயை மூட வேண்டும்.

மூட வேண்டும் என்றதும் எனக்குத் தோன்றிய முதல் யோசனை நிஜமாகவே மூடுவது. மெத்தைக் கடையில் ஸ்பாஞ்ச் வாங்கி வந்து, பெட்டிக்குள் இண்டு இடுக்கு விடாமல் அடைத்தேன். சத்தம் நன்றாகக் குறைந்தது. நான் வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தபோது படம் பட்டென்று அணைந்தது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது.

"அதுக்கும் மூச்சு முட்டும்ல?" என்றார் அம்மா. "இந்த வெயில்ல ஒனக்குக் கம்பளியச் சுத்துனா நீ சும்மா இருப்பியா?"

பிறகு சிவகாசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் இதே கவலையில் தூக்கமில்லாமல் இருப்பதைக் கண்டுபிடித்தேன். குளிர்காலத்தில் பனி கொட்டுகிற தேசத்துக்காரர்கள். அவர்களுக்கு என்ன, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். ஆனாலும் ஒரு விஷயத்தை அவர்களிடமிருந்து பிடித்துக்கொண்டேன். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால் கத்தும், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அதே காற்றைச் சத்தமில்லாமல் தள்ளும். காற்றுக்கு ஒரு நேர் வழியும் வேண்டும். கீழே குளிர்ந்த காற்று உள்ளே வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, மேலே பின்பக்கமாக வெளியேற வேண்டும். கடையில் விற்கிற பெட்டிகளில் பெரிய ஃபேனுக்கு இடமே கிடையாது. ஆகவே பெட்டியைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

எங்கள் பஜாரில் அந்தோணி அண்ணன் என்று ஒருவர் டிரங்குப் பெட்டி செய்துகொண்டிருந்தார். தாளில் அளவோடு படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"அடியில எதுக்கு இம்புட்டு ஓட்டை? எலி போயிருமே."

"காத்து போறதுக்கு அண்ணே."

"பெட்டிக்குள்ள காத்தா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் செய்கிறேன் என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனால் பெட்டி தயார். அளவெல்லாம் சரி. ஆனால் இரண்டு பக்கமும் கைப்பிடி, முன்னால் பூட்டுப் போடக் கொண்டி. போதாததற்கு நீலப் பெயின்ட் அடித்து, மூடியில் ஒரு சிவப்பு ரோஜாப்பூவும் வரைந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "பூவுக்குத் தனியா எதுவும் வேணாம்மா, நானாத்தான் போட்டேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாம் என்பது?

உள்ளே எல்லாவற்றையும் பூட்டி ஓட விட்டால் புதுத் தொல்லை. தகரம் அதிர்ந்து, பெட்டி முழுக்க ஒரு ரீங்காரம். பறையில் விரலால் தேய்த்த மாதிரி. இதற்கு விடை எங்கள் அச்சகத்திலேயே கிடந்தது. ஆப்செட் மிஷினில் படத்தைத் தாளுக்கு மாற்றிக் கொடுக்கிற கனமான ரப்பர் விரிப்பு உண்டு, பிளாங்கெட் என்போம். தேய்ந்துபோனால் கழற்றிச் சுவரோரம் போட்டுவிடுவார்கள். மிஷின்காரரிடம் கேட்டு நாலைந்தை வாங்கி, வெட்டி, பெட்டியின் உள்சுவர் முழுக்க ஒட்டினேன். தகரத்தைத் தட்டிப் பார்த்தேன். டொக் என்று மரத்தைத் தட்டிய மாதிரி அடங்கிவிட்டது. பழைய அலுமினிய அச்சுத் தகடு ஒன்றைக் கத்தரியால் வெட்டி வளைத்து, பிராசஸரிலிருந்து ஃபேனுக்குக் காற்று போகிற குழாய் செய்தேன். அந்தத் தகட்டில் நான் டிசைன் போட்ட புஸ்வாணப் பெட்டி லேபிள் மங்கலாகப் பதிந்திருந்தது.

ஹார்ட் டிஸ்க்குத்தான் கடைசி எதிரி. அது கிர் கிர் என்று எதையோ கொறித்துக்கொண்டே இருக்கும். அதைப் பெட்டியோடு முடுக்காமல் எலாஸ்டிக்கில் தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று படித்திருந்தேன். அம்மாவின் தையல் டப்பாவில் கை வைத்தேன்.

"பாவாடை எலாஸ்டிக்கை எங்க புள்ள கொண்டு போற?"

"கம்ப்யூட்டருக்கும்மா."

"அல்லாவே! அதுக்கும் பாவாடையா?"

ஃபேன் வயரை மாற்றிப் பூட்டி வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். பவர் சப்ளையைத் திறந்து அதன் ஃபேனை மாற்றும்போது ஒரு ஷாக் வாங்கி, கையை உதறிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினேன். அத்தா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று அப்போதும் கேட்கவில்லை. ஆனால் திட்டுகிறார் என்பது தெரிந்தது, அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். சுப்பையா மாமாவும் வந்திருந்தார். சுவிட்சைப் போட்டதும் அம்மா, "கரண்டு இல்லையா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. பெட்டி சூடேற ஏற பிளாங்கெட்டிலிருந்து அச்சு மை வாசனை கிளம்பி, கூடமே அச்சகம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் போய்ச் சாம்பிராணி போட்டார். வரும் வழியில் சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

படத்தில் ஒரு சந்தைச் சண்டை வந்தது. கதாநாயகன் வில்லனின் ஆட்களைத் தூக்கி வற்றல் மூட்டைகள் மேல் வீச, மூட்டைகள் கிழிந்து செக்கச்செவேலென்று கொட்டின. அத்தாவின் கை மெதுவாக உயர்ந்தது.

தட்டினேன்.

படம் நின்றது. அதோடு எல்லாமே நின்றது. தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டது கேட்டது. பக்கத்து வீட்டில் கரண்டி தட்டியது கேட்டது. அப்புறம் அத்தாவின் காற்றுக்குரல், ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல்:

"அடிக்கிறது அடிச்சுக்கோங்கலே. அம்புட்டும் சம்பா வத்தல். அத எவன்லே பொறுக்குவான்?"

அம்மாதான் முதலில் சிரித்தார். சிரிப்பு அடங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு பார்த்தால் அது சிரிப்பாகவும் இல்லை. சுப்பையா மாமா எங்களைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வாரமும் தனியாகச் சிரித்த மனிதர், அன்றைக்கு எங்களுக்குப் பிறகு சிரித்தார்.

அன்று அந்தப் படம் முடியப் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தப் படத்தையும் நாங்கள் ஒரேயடியாகப் பார்த்ததில்லை. சில படங்கள் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். போகப் போக அத்தா படத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. சத்தமாகப் பேசிய காலத்தில் அவர் பேசியதெல்லாம் கட்டளையும் கேலியும்தான். இப்போது ஒரு ரயில் காட்சி வந்தால் கையைத் தூக்குவார். முதல் முதலாகச் சாத்தூருக்கு ரயிலில் போனபோது பயத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனதைச் சொல்வார். நாங்கள் மூச்சு விடுகிற சத்தத்தையும் குறைத்துக்கொண்டு கேட்போம். வேறு மாதிரி கேட்க முடியாது.

ஒரு வாரம் சுப்பையா மாமா சாத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் வரவில்லை. அன்றைய படத்தில் ஒரு பண்ணையார் எப்போது பார்த்தாலும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "ஒங்களை மாதிரியே இருக்காருங்க" என்று அம்மா சொன்னார். அத்தா கையைத் தூக்கினார்.

"நான் என்ன, கத்திக்கிட்டேவா பொறந்தேன்?"

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"சுப்பையாவுக்குக் காது போச்சுல்ல. அப்பத்தான் மண்டிக்கு வந்தான். எது சொன்னாலும் அவனுக்குக் கத்திச் சொல்லணும். மத்தவங்கிட்ட மெதுவாப் பேசிட்டு, அவங்கிட்ட மட்டும் கத்துனா அவனுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல? லோடு ஏத்துற பயலுக பாத்துச் சிரிக்கிறானுக. தலையக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிறான். அதான் எல்லார்ட்டயும் கத்த ஆரம்பிச்சேன். பெறகு அதுவே பழகிப்போச்சு."

அம்மாவோ நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து அந்தக் குரலுக்குக் கூச்சப்பட்டு முக்காட்டை இழுத்தவர். "எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா, அவன் வரும்போதெல்லாம் நீ அவன் காதையே பாத்துக்கிட்டு நிப்ப" என்றார் அத்தா. படத்தை ஓட்டச் சொல்லிக் கையைச் சுழற்றினார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அடுத்த வாரம் மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். "வாயப் பாத்தே ஒங்களுக்குப் புரியும்ல மாமா? பின்ன ஏன் அத்தாவ அம்புட்டு வருசமும் கத்த விட்டீக?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அத்தா நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"மொதல்ல புரியாது தாயி. பழகப் பழகப் புரிஞ்சுச்சு. ஆனா பாய் கத்துறப்ப எனக்கு லேசாக் கேக்கும். நெஞ்சுல வந்து தட்டும். எனக்குச் சத்தம்னு இருந்தது அது ஒண்ணுதான். அத வேணாம்னு எப்பிடிச் சொல்ல?"

நான் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, கோயம்புத்தூர் வந்துவிட்டேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனுக்கு எண்ணெய் விடுவதற்கென்றே நான் ஊருக்குப் போவதாக என் வீட்டுக்காரர் சொல்வார். கொஞ்ச வருஷத்தில் படத் தட்டுக் கடை செல்போன் கடையானது. அந்தோணி அண்ணனின் பட்டறை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் சாமான் அடுக்கியிருந்தார்கள். நான் இருந்த அச்சகத்தில் புது மிஷின் வந்து, பழையது இருந்த தடம் மட்டும் தரையில் தெரிந்தது. கம்ப்யூட்டர் ஒரு கோடையில் நின்றே போனது. அம்மா உள்ளே இருந்ததை எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டு, கொண்டி இருக்கிறதே என்று பெட்டியைத் தன் பட்டுப்புடவைகளுக்கு வைத்துக்கொண்டார். அடியில் ஓட்டை இருப்பதால் காற்றோட்டமாக இருக்கிறதாம். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அத்தா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அம்மா இத்தாவில் உட்கார்ந்தார். கணவன் மௌத்தானபின் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் அது. நானும் துணைக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சுப்பையா மாமா வழக்கம்போலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். அவரே உள்ளே வரமாட்டேன் என்று தெருவாசல் படியோடு நின்றுகொண்டார். அம்மாவை அவர் பார்க்க முடியாது, பார்க்காமல் அவருக்கு ஒன்றும் விளங்காது. நான் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் அறைக்குள்ளிருந்து, என் வாழ்க்கையில் நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது.

"அண்ணே! டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே!"

ஓதிக்கொண்டிருந்த உறவுக்காரப் பெண்கள் திடுக்கிட்டுப் போனார்கள். ஒருவர், "இத்தாவுல இருக்கவ தெருவுக்குக் கேக்குற மாதிரியா கத்துறது?" என்று முணுமுணுத்தார்.

"தெருவுக்குக் கேக்க வேணாம். அவுகளுக்குக் கேக்கணும்ல" என்றார் அம்மா.

வாசலில் மாமா தலையை ஆட்டினார். படியிலேயே உட்கார்ந்து டீ வரும்வரை காத்திருந்தார்.

இத்தா முடிந்தபிறகும் அம்மாவின் சத்தம் குறையவில்லை. மாமா வரும் நாள் மட்டுமல்ல, எல்லா நாளும், எல்லாரிடமும் அப்படித்தான். காய்கறிக்காரரிடம், கேபிள்காரரிடம், போனில் என்னிடம். "என்ன சமைச்ச புள்ள?" என்று விருதுநகரிலிருந்து அம்மா கேட்டால், கோயம்புத்தூரில் அடுத்த அறையில் இருக்கிற என் வீட்டுக்காரர் பதில் சொல்வார். மெதுவாகப் பேசுங்கள் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுப்பையா மாமாவும் போய்விட்டார். சாத்தூரிலிருந்து அவர் மகள்தான் எனக்குத் தகவல் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் அம்மாவுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஏதோ கேட்டார். எனக்குச் சரியாக விளங்கவில்லை. சிக்னல் இல்லையோ என்று மாடிக்குப் போய் நின்றேன். அங்கேயும் அப்படித்தான்.

"கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றேன்.

"இனி யாருக்குப் புள்ள?" என்றார்.